பஃப் பேனல்ல நானோ களிமண் கலந்தா இன்சுலேஷன் 20 சதவீதம் கூடுமா?

#1 பேனல்பட்டறை

வணக்கமுங்க. கோயமுத்தூர் பக்கம் நானும் என் மாமாவும் சேர்ந்து சின்னதா ஒரு பஃப் பேனல் யூனிட் நடத்துறோம். பால், காய்கறி, ஐஸ்கிரீம் வைக்கிற குளிர் அறைகளுக்கு 60, 80, 100 மி.மீ. பேனல் போடுறோம். ரெண்டு பக்கமும் தகடு, நடுவுல பஃப் (பாலியூரித்தேன் நுரை). நுரையைப் பொங்க வைக்கிற சைக்ளோபென்டேன் கலந்தே வர்ற போலியால்தான் வாங்குறோம் (பஃப் ஊத்துற ரெண்டு கெமிக்கல்ல ஒண்ணு).

போன வாரம் ஒரு விற்பனைக்காரர் வந்தாருங்க. கையில ஒரு கண்ணாடி ஜாடி, உள்ள முகப்பவுடர் மாதிரி வெளுத்த மஞ்சள் தூள். "நானோ க்ளே. போலியால்ல ஒன்றரை சதவீதம் கலந்தாப் போதும், இன்சுலேஷன் 20 சதவீதம் கூடும்"னாரு. கூடவே பளபளன்னு ஒரு புத்தகம், அதுல எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் படம், தேன்கூடு மாதிரி குட்டிக் குட்டி ஓட்டை. விலை போலியாலைப் போல பல மடங்கு. மாமா அப்பவே அட்வான்ஸ் குடுக்கக் கிளம்பிட்டாரு. நான்தான் பத்து நாள் டைம் கேட்டிருக்கேன்.

எங்க பஃப் லேப்ல குடுத்தப்போ லாம்டா, அதாவது வெப்பத்தைக் கடத்துற அளவு, 23 வந்துச்சு (மீட்டர்-கெல்வினுக்கு மில்லிவாட் கணக்குல; குறைஞ்சாதான் நல்லது). 20 சதவீதம்னா 18-க்கு இறங்கணும். நடக்கிற காரியமா? இதுல பழக்கம் உள்ளவங்க சொல்லுங்க.

#2 சந்தேகசாமி

நானோன்னு ஒட்டினா பெயிண்ட் விக்குது, வாட்டர் டேங்க் விக்குது, ஷூ பாலிஷ்கூட விக்குது. பஃப் மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு. மாமாவோட செக்புக்கை ஒளிச்சு வைங்க.

#3 ஆய்வகஎலி

பாலிமர் நுரையில்தான் ஆராய்ச்சி செய்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பஃப் வழியாக வெப்பம் மூன்று விதமாகக் கடக்கிறது. ஓட்டைக்குள் இருக்கும் வாயு வழியாக, ஓட்டைச் சுவரான பிளாஸ்டிக் வழியாக, சுவருக்குச் சுவர் அகச்சிவப்புக் கதிராக. ஓட்டை மில்லிமீட்டருக்கும் கீழே இருப்பதால் உள்ளே காற்று சுழன்று சூடு ஏற்றும் வேலை நடக்காது, அதை விட்டுவிடலாம்.

உங்கள் 23-இல் பாதிக்கும் மேல் வாயுவின் பங்கு. அசையாத காற்றுக்கே லாம்டா 26. உங்கள் பஃப் காற்றையே தோற்கடிக்கிறது என்றால், உள்ளே இருப்பது காற்று இல்லை, சைக்ளோபென்டேன் என்பதுதான் காரணம். அதற்கு 12, 13தான். களிமண் தூள் அந்த வாயுவின் குணத்தை மாற்றாது. ஆக மொத்தத்தின் பெரும்பாதி அதன் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கிறது.

பிறகு தூள் எதைத்தான் செய்யும்? நுரை பொங்கும்போது குமிழி எங்கே பிறக்கலாம் என்று இடம் தேடும். தூளின் ஒவ்வொரு துகளும் அதற்கு ஓர் இடம். குமிழிகள் நிறையப் பிறந்தால் ஒவ்வொன்றும் சிறியதாக நிற்கும். ஓட்டை சிறியதானால் கதிர் கடக்க வேண்டிய சுவர்களின் எண்ணிக்கை கூடும், கதிரின் பங்கு குறையும். 23-இல் கதிரின் பங்கு 4 என்று வையுங்கள். ஓட்டை 300 மைக்ரானிலிருந்து (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) 200-க்கு வந்தால் அந்த 4 ஏறக்குறைய 2.7 ஆகும். லாபம் 1.3. அதாவது ஐந்தாறு சதவீதம். எல்லாம் ஒழுங்காக நடந்தால்.

ஒழுங்காக நடப்பது எளிதும் இல்லை. இந்தக் களிமண் ஒவ்வொரு தகடும் ஒரு நானோமீட்டர் (மைக்ரானில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமன், அகலம் அதைப்போல நூறு மடங்கோ அதற்கு மேலோ. அப்பளக் கட்டு மாதிரி ஒன்றின்மேல் ஒன்று ஒட்டி இருக்கும். கட்டைப் பிரிக்காமல் எண்ணெயில் போட்டால் என்ன ஆகும்? அதேதான் இங்கும். தகடுகள் பிரிந்து பரவினால் மட்டுமே நானோ, இல்லாவிட்டால் விலை கூடிய மண். டொயோட்டா ஆய்வகத்தார் 1980-களின் பின்பாதியில் நைலானில் இந்தத் தகடுகளைப் பிரித்துக் காட்டிய பிறகுதான் உலகமே இதன்மேல் பாய்ந்தது. நைலானில் வந்தது உங்கள் டிரம்மில் ஒரு கரண்டி போட்டுக் கலக்கினால் வருமா என்பது தனிக் கேள்வி.

#4 பழைய_கம்ப்ரஸர்

தம்பி எலி சொன்ன கணக்கு சரி. நான் பட்டறைப் பக்கம் இருந்து சொல்றேன். முப்பது வருஷம் ஃபிரிட்ஜ் ஃபேக்டரியில் ஃபோமிங் லைனில் குப்பை கொட்டியவன்.

எங்க காலத்துல நுரையைப் பொங்க வைக்க எச்.சி.எஃப்.சி. 141பி. என்ன சுகமான வாயு! தீப்பிடிக்குமேன்னு பயப்பட வேண்டியதில்லை, லாம்டாவும் அருமை. ஓசோனைக் கெடுக்குதுன்னு, இந்தியாவுல 2020 ஜனவரி 1-க்கு மேல நுரைக்கு அது கூடாதுன்னாங்க. அதுக்கு முன்னாடியே நாங்க சைக்ளோபென்டேனுக்கு மாறினோம். 49 டிகிரியில் கொதிக்கும், பெட்ரோல் மாதிரி பத்திக்கும். மோட்டார், சுவிட்சு, லைட்டு எல்லாம் பொறி பறக்காததா மாத்தணும், தரையோரம் கேஸ் சென்சார் வைக்கணும் (ஆவி காத்தைவிடக் கனம், கீழதான் தேங்கும்). லைன் மாத்துன செலவுல இன்னொரு லைனே போட்டிருக்கலாம்.

ஒரு தடவை எங்களுக்கும் இப்படி ஒரு தூள் வந்துச்சு. பேரு வேண்டாம். சனிக்கிழமை கலந்து வச்சோம். திங்கக்கிழமை காலையில டிரம் அடியில விரல் அளவு சேறு. கலக்கிக்கிட்டே இருக்க மோட்டார் போட்டோம். போலியால் கெட்டியாகி பம்ப் முனகுது. அப்புறம் மிக்ஸிங் ஹெட் நாசில். ஹை பிரஷர் மெஷின்ல அந்த ஓட்டை ஊசி முனை அளவு. மண்ணு போகப் போக அது தேயும், தேஞ்சா ரெண்டு கெமிக்கலோட விகிதம் மாறும், நுரை ஒரு நாள் ரப்பர், ஒரு நாள் பிஸ்கட்.

எல்லாத்தையும் விட முக்கியம் ஈரம். களிமண் ஈரத்தை உறிஞ்சும். தண்ணி, போலியாலோட சேர்ற அந்த இன்னொரு கெமிக்கல் ஐசோசயனேட்டைப் பார்த்தா சும்மா இருக்காது, கார்பன் டை ஆக்ஸைடு விடும். அதோட லாம்டா 16-க்கு மேல. உங்க சைக்ளோபென்டேன் இருக்க வேண்டிய இடத்துல அது போய் உக்காரும். இன்சுலேஷன் கூட்டப் போய் நீங்களே குறைச்ச கதை. அந்த ஆள் தூளை ஓவன்ல காய வைக்கச் சொன்னாரா?

#5 பேனல்பட்டறை

ஓவனைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலைங்க சார். ஜாடியைத் திறந்து மூடி, திறந்து மூடி மாமா மோந்து வேற பாத்தாரு.

எலி சார், புத்தகத்துல இருக்கிற படத்துக்குக் கீழ "ஓட்டை அளவு 100 நானோமீட்டர்"னு போட்டிருக்கு. நீங்க 200 மைக்ரான்னு சொல்றீங்க. ரெண்டாயிரம் மடங்கு வித்தியாசம் இருக்கே?

#6 ஆய்வகஎலி

அது வேறு சரக்கின் படம். உங்களுக்கு விற்க வந்தவர் இரண்டு விஷயத்தை ஒன்றாக்கிவிட்டார்: நானோ துகள் கலந்த நுரை, ஓட்டையே நானோ அளவில் உள்ள நுரை.

இரண்டாவதுதான் எங்களைப் போன்றவர்களின் கனவு. காற்று மூலக்கூறு ஒன்று இன்னொன்றில் மோதும் முன் சராசரியாக 70 நானோமீட்டர் போகிறது. அறை அதற்கு நிகரான அளவுக்குச் சுருங்கினால்? கேரம் போர்டை உள்ளங்கை அளவுக்குச் சுருக்கி நாலே காய் வைத்தது போல. காய் காயில் மோதுவதைவிடச் சுவரில் மோதுவதே அதிகம். சூட்டைக் கைமாற்றிக் கொடுக்க ஆள் இல்லை, வாயுவின் லாம்டா பாதிக்கும் கீழே இறங்கும். க்னூட்சென் விளைவு என்போம். சிலிக்கா ஏரோஜெல் (நானோ ஓட்டைகள் நிறைந்த இலேசான திடப்பொருள்) காற்றையே வைத்துக்கொண்டு லாம்டா 15-ஐ ஒட்டி நிற்பது இதனால்தான். ஸ்பெயினில் வயடோலித் பல்கலைக்கழகத்தார் 2015-இல் அக்ரிலிக் நுரையில் இதை அளந்தே காட்டினார்கள்.

இடையில் ஒரு கிளைக்கதை. நுரையின் ஓட்டையைச் சிறியதாக்கும் வேலையை 1980-களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் நாம் சூ (Nam Suh) என்ற பேராசிரியரின் குழு தொடங்கியபோது இன்சுலேஷன் யாருடைய நினைப்பிலும் இல்லை. பலம் குறையாமல் பிளாஸ்டிக் செலவை மிச்சம் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். அப்போது கிடைத்தது பத்து மைக்ரான் பக்கம். அங்கிருந்து 100 நானோமீட்டருக்கு வர முப்பது வருடம் ஆனது.

வந்தும் வாசலில் நிற்கிறது. காரணம் மூன்று. கார்பன் டை ஆக்ஸைடை காற்றழுத்தத்தைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு அழுத்தத்தில் பிளாஸ்டிக்கில் ஊறவைத்துச் சட்டென்று விட வேண்டும், கிடைப்பது பெரும்பாலும் சில மி.மீ. தடிமனில் ஒரு தகடு. அடுத்தது அடர்த்தி. ஓட்டை சிறியதாக ஆக, நுரை நன்றாகப் பொங்குவதில்லை. உங்கள் பஃப்பில் பிளாஸ்டிக் மூன்று சதவீதம், மீதி வாயு. நானோ ஓட்டை நுரையில் பிளாஸ்டிக்கே இருபது சதவீதம் இருந்துவிடும். வாயுவில் மிச்சம் பிடித்ததைச் சுவர் வழியாகக் கொட்டிவிடுகிறோம். கடைசியாக, அந்தச் சுவர்கள் அவ்வளவு மெல்லியவை, வெளிச்சம் கண்ணாடிக்குள் போவது போல் அகச்சிவப்புக் கதிர் போய்விடும். அதைத் தடுக்கக் கருப்புத் தூள் போட வேண்டும், போட்டால் ஓட்டை உருவாவது மாறும். என் முனைவர் பட்டம் இந்த வாக்கியத்தில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறது, சிரிக்க வேண்டாம்.

#7 கடலோரம்

வணக்கம், நான் வடமராட்சிப் பக்கம். எங்கட ஆக்கள் மீன் ஏத்துறது ரெஜிபோம் பெட்டியிலதான், நீங்கள் தெர்மக்கோல் எண்டு சொல்லுறது. ஜேர்மனியில இருக்கிற என்ர தம்பி, தன்ர வீட்டுச் சுவருக்கு வெளியால சாம்பல் நிறப் பலகை ஒட்டுறாங்கள் எண்டு படம் அனுப்பினவன். பார்த்தா ரெஜிபோம் மாதிரித்தான் கிடக்குது. வெள்ளையைவிட அது திறமாம். அதுவும் இந்த நானோதானோ?

#8 ஆய்வகஎலி

நல்ல கேள்வி, இந்த இழைக்கே தேவையானது. அது கிராஃபைட் கலந்த தெர்மக்கோல். தெர்மக்கோலை உலகத்துக்குக் கொண்டுவந்த அதே பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் 1990-களில் நியோபோர் என்ற பெயரில் இதைக் கொண்டுவந்தது. கிராஃபைட் துகள்கள் மைக்ரான் கணக்கில் இருக்கும், கறாராகச் சொன்னால் நானோவே இல்லை. ஆனால் வேலை செய்கிறது. ஒரு கன மீட்டருக்கு 15 கிலோ எடையுள்ள வெள்ளைப் பலகை லாம்டா 37, 38 காட்டினால், அதே எடையில் சாம்பல் பலகை 31, 32.

பஃப்பில் ஐந்து சதவீதத்துக்கு முட்டி மோதுகிறோம், இங்கே பதினைந்து எப்படி? தெர்மக்கோல் எடை குறைந்தது, சுவர் மெல்லியது, கதிர் தாராளமாகப் புகுந்து போகிறது. அதாவது திருட்டு நிறைய நடக்கும் வீடு, காவல்காரன் வந்ததும் வித்தியாசம் தெரிகிறது. பஃப்பில் கதிர்த் திருட்டு குறைவு.

தம்பியிடம் ஒன்று சொல்லுங்கள். சாம்பல் பலகையை ஒட்டும்போது வெயில் படக்கூடாது. கிராஃபைட் வெயிலை இழுத்துச் சூடாகி, பலகை வளைந்து பசை விட்டுவிடும். அதனால்தான் சாரத்துக்கு வெளியே வலை கட்டி நிழல் செய்துவிட்டு வேலை செய்கிறார்கள்.

#9 கடலோரம்

ஓம், படத்தில பச்சை வலை ஒண்டு தொங்குது. தூசிக்கு எண்டு நினைச்சன்.

#10 சந்தேகசாமி

லாம்டா லாம்டான்னு பேசுறீங்களே, தீயைப் பத்தி யாரும் வாயைத் திறக்கல. லண்டன்ல கிரென்ஃபெல் டவர் அடுக்குமாடித் தீ, 2017 ஜூன் 14. 72 பேர். சுவர்ல ஒட்டின பஃப்தானே கொன்னுச்சு? குளிர் அறையில ஆள் வேலை செய்றாங்க.

#11 பழைய_கம்ப்ரஸர்

சாமி, கோபம் நியாயம், விவரம் பாதி. அங்க தீயை மேல ஏத்தினதுல முதல் குற்றவாளி அலுமினியத் தகடுக்கு நடுவுல இருந்த பாலிஎத்திலீன். அதுக்குப் பின்னாடி இருந்த நுரைப் பலகையும் எரிஞ்சது, அது ரெண்டாவது. தீ ஆரம்பிச்சது நாலாவது மாடியில ஒரு ஃபிரிட்ஜ் பக்கம்னு விசாரணையில வந்தப்போ, எனக்கு ரெண்டு நாள் சோறு இறங்கல. என் தொழில் அது.

நானோ களிமண் விக்கிறவங்க தீக்கும் நல்லதுன்னு சொல்லுவாங்க. எரியும்போது மேல ஒரு கரி ஓடு கட்டும், உச்சத்துல எரியிற வேகம் குறையும், அது வாஸ்தவம். ஆனா பத்திக்கிற நேரத்தை அது தள்ளிப் போடாது, சில சமயம் முன்னாடியே பத்திக்கும். தீத்தடுப்பு மருந்துக்குத் துணையா வச்சுக்கலாம், பதிலா வைக்கக் கூடாது. தூள் போட்டுட்டேன், ஃபயர் டெஸ்ட் வேண்டாம்னு யாராவது சொன்னா அந்த ஆளை கேட்டுக்கு வெளியே விடுங்க.

#12 மொட்டைமாடி

மதுரை. மேல் வீட்டுல ராத்திரி பத்து மணிக்கும் சீலிங் கொதிக்குது. இந்த நானோ ஃபோமை மாடியில ஸ்ப்ரே பண்ணலாமா? ஸ்கொயர் ஃபீட் என்ன ரேட்?

#13 நெறியாளர்

மாடிக்குத் தனி இழை இருக்கிறது, அங்கே கேளுங்கள். இங்கே பேனல் மட்டும்.

#14 ஆய்வகஎலி

நெறியாளர் மன்னிக்க, ஒரே வரி: காங்கிரீட்டுக்கு மேலே போடுங்கள், சீலிங்குக்குக் கீழே அல்ல. காங்கிரீட் பகலெல்லாம் சூட்டைக் குடித்துவிட்டால் பிறகு தடுத்துப் பயன் குறைவு.

மாடியைப் பார்த்ததும் விட்டுப்போனது ஒன்று நினைவுக்கு வந்தது. களிமண் கலவைக்கு நான் மரியாதை கொடுக்கும் ஒரே வாக்குறுதி, வாயுவைப் பிடித்து வைப்பது. பஃப் வயதாகும். சைக்ளோபென்டேன் மெதுவாகவும் கார்பன் டை ஆக்ஸைடு வேகமாகவும் வெளியேறும், காற்று உள்ளே வரும். லாம்டா 22-இல் பிறந்த பலகை சில வருடத்தில் 26, 27-க்குப் போகும். களிமண் தகடுகள் சுவருக்குள் படுத்திருந்தால் வாயு நேராகப் போக முடியாமல் சந்து சந்தாகச் சுற்றிப் போக வேண்டும், முதுமை தள்ளிப் போகும்.

ஆனால் பேனல்பட்டறை அண்ணே, உங்கள் பேனலுக்கு ரெண்டு பக்கமும் இரும்புத் தகடு. வாயு அதைத் தாண்டி எங்கே போகும்? ஓரத்தில் மட்டும்தான் கசியும். மூடி போட்ட பாத்திரத்துக்கு இன்னொரு மூடி வாங்கச் சொல்கிறார்கள்.

#15 பேனல்பட்டறை

இதை அப்படியே மாமாவுக்குப் படிச்சுக் காட்டினேன். "படிச்சவன் எல்லாம் இப்படித்தான் சொல்லுவான், ஊத்திப் பாத்துட்டுப் பேசு"ன்னுட்டாரு. அதுவும் சரின்னு பட்டுச்சு. சாம்பிள் கேட்டிருக்கேன்.

#16 பேனல்பட்டறை

மூணு வாரம் கழிச்சு வர்றேனுங்க. சாம்பிள் தூளை எங்க பொடி பூசுற ஓவன்லயே ராத்திரி முழுக்கக் காய வச்சு, ஒன்றரை சதவீதம் கலந்து, உள்ளளவு 30 செ.மீ. சதுரத்துல, 40 மி.மீ. சுவரோட ஒரு பெட்டி ஊத்தினோம். தூள் இல்லாம அதே அச்சுல இன்னொண்ணு. ரெண்டுலயும் 10 கிலோ ஐஸ், 24 மணி நேரம், உருகின தண்ணியை எடை போடுறது. எலி சார் தனிச்செய்தியில கணக்குப் போட்டுக் குடுத்தாரு: 30 டிகிரி ரூம்ல 3 கிலோ பக்கம் உருகணும், தூள் அஞ்சு சதவீதம் உதவினா 150 கிராம் மிச்சமாகணும்னு.

முதல் நாள்: சாதா பெட்டியில 3.1 கிலோ. நானோ பெட்டியில 3.4 கிலோ! மாமா முகம் செத்துப் போச்சு. பாத்தா நானோ பெட்டி மூடி ஒரு மூலையில தூக்கிட்டு நிக்குது, விசிட்டிங் கார்டு உள்ள போகுது. டேப் சுத்தினோம்.

ரெண்டாம் நாள்: சாதா 3.1, நானோ 2.9. மாமா டீ வாங்கிக் குடுத்தாரு. மூணாம் நாள் பெட்டி ரெண்டையும் இடம் மாத்தி வச்சேன், ஒண்ணு கதவுப் பக்கம் இருந்துச்சு. இப்ப சாதா 3.0, நானோ 3.0. டீ இல்ல.

அப்புறம் ஹேக்சா பிளேடு போட்டு ரெண்டையும் அறுத்தோம். பக்கத்து மில்லுல துணியில இழை எண்ணுற லென்ஸ் இருக்கும்ல, அதை வாங்கிட்டு வந்து பாத்தா, நானோ துண்டுல ஓட்டை நிஜமாவே நைஸா இருக்கு. சாதாவுல ரவை, அதுல சன்ன ரவைன்னு வைங்க. அந்த விஷயத்துல அவரு பொய் சொல்லல. ஆனா ரெண்டு துண்டையும் ஒரே அளவுக்கு வெட்டி எடை போட்டா சாதா 35, நானோ 39 (கன மீட்டருக்குக் கிலோ). நுரை பொங்குறது குறைஞ்சு போச்சு. அதாவது தூள் காசு தனி, அதுக்கு மேல கெமிக்கலும் பத்து சதவீதம் கூட.

60 மி.மீ. பேனலை 65 ஆக்கினா வெப்பம் போறது எட்டு சதவீதம் குறையும். அதுக்கு எனக்கு ஆகிற செலவு தூள் செலவுல பாதிகூட இல்லைங்க. அந்த விசிட்டிங் கார்டு சந்து மட்டும் 300 கிராமுக்கு மேல தின்னுடுச்சு. கதவு ரப்பரை மாத்தப் போறேன்.

#17 சந்தேகசாமி

மாமாவுக்கு நான் டீ வாங்கித் தரேன்.

#18 கடலோரம்

அந்த மூடிக் கணக்கு எங்கட மீன் பெட்டிக்கும் பொருந்தும். இஞ்ச மூடி எப்பவும் அரைவாசிதான் பொருந்தும், மேல கல்லு வைப்பாங்கள். இனி டேப் ஒட்டிப் பார்க்கச் சொல்லுறன்.

#19 பழைய_கம்ப்ரஸர்

பட்டறைத் தம்பி, நல்ல வேலை. ஒரு சந்தேகம். ஐஸ் பாளமா, நொறுக்கினதா?

#20 பேனல்பட்டறை

நொறுக்கினதுதான் சார். மீன் மார்க்கெட்ல சாக்குல வாங்கினோம்.

#21 பழைய_கம்ப்ரஸர்

அப்ப இன்னொரு தடவை பண்ணணும். நொறுக்கின ஐஸ் சாக்குல வரும்போதே நனைஞ்சிருக்கும். பெட்டிக்குள்ள போட்ட நிமிஷமே கால் கிலோ தண்ணி இருந்திருந்தா, அதையும் உருகினதா எடை போட்டிருப்பீங்க. நீங்க தேடுற 150 கிராமே அதுக்குள்ள ஒளிஞ்சுக்கும். பாளம் வாங்குங்க, துணியால துடைச்சு உள்ள வைங்க. அறுத்த துண்டை வச்சுக்கிட்டு ஒண்ணும் ஆகாது, புதுசா ஊத்துங்க, இந்தத் தடவை ரெண்டையும் ஒரே டென்சிட்டிக்குக் கொண்டு வாங்க.

#22 பேனல்பட்டறை

மாமாவும் அதேதான் சொல்றாரு சார், வேற காரணத்துக்கு. ஜாடியில இன்னும் பாதித் தூள் இருக்கு. திங்கக்கிழமைக்குப் பாளம் சொல்லியாச்சு.